குனிவது வேறு, வளைவது வேறு

லிஃப்ட் கதவு திறந்தபோது அவள் முக்கால்வாசி குனிந்திருந்தாள். கழுத்து முன்னால் நீண்டிருந்தது. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கைகள் முழங்காலைத் தொடாமல் காற்றில் தொங்கின. உள்ளிருந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த வார்டு உதவியாளர் சட்டென்று நின்று, தானும் குனிந்து தரையைத் துழாவினார். நாற்காலியில் இருந்த நோயாளிகூட எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா விழுந்துச்சு? தோடா, திருகாணியா?"

"வார்த்தைங்க," என்றாள் அவள் நிமிராமலே. "நீங்க போங்க, நானே தேடிக்கறேன்."

வேலைக்குப் புதிதாக வந்தவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள். பழையவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் பகுதிக்கும் பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கிய அறைக்கும் நடுவே இருக்கிறது மொழிபெயர்ப்பு அறை. அங்கே கண்ணாடி கிடையாது. ஆகவே லிஃப்டின் எஃகுக் கதவே அவளுக்குக் கண்ணாடி. இங்கிலீஷில் இருக்கும் ஒரு சொல்லை ஸ்பானிஷில் எழுதுமுன் அதை ஒரு தடவை உடம்பில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு, துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்கிற மாதிரி. இருமல் என்றால் இருமுவாள். தலைசுற்றல் என்றால் சுழல் நாற்காலியில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்து நிற்பாள். மூலநோய் பற்றிய கையேடு வந்த வாரம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று பக்கத்து மேசைக்காரி, பிரெஞ்சு பார்ப்பவள், இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லோரும் அவளை 'மூதா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த மொழியில் அதற்கு ஊமைப் பெண் என்று அர்த்தம். வார்த்தையால் பிழைக்கிற ஒருத்திக்கு ஊமை என்று பேர் வந்தது தையல் கூடத்தில்.

கல்யாணமான கையோடு, கணவருக்கு வேலை கிடைத்த வெளிநாட்டு ஊருக்கு வந்து இறங்கியவள் அவள். படித்த படிப்பு பெட்டியிலேயே இருந்தது, கேட்பார் இல்லை. பள்ளிச் சீருடைகள் தைக்கும் ஒரு கூடத்தில் காலர் வைக்கும் மெஷினில் உட்கார வைத்தார்கள். முன்னால் ஸ்பானிஷ், பின்னால் ஸ்பானிஷ், இரண்டு பக்கமும் ஸ்பானிஷ். மெஷின் சத்தத்துக்கு மேல் அந்தப் பெண்கள் கத்திக் கத்திப் பேசிச் சிரிப்பார்கள். இவள் வாயைத் திறக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே தைத்தாள். "மூதா, நூல் குடு." "மூதா, கத்திரி எங்கே?" பேர் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் வந்து சொன்னபோது கணவர் கொதித்துப் போனார். "மூதேவின்னா கூப்பிடறாங்க? நாளைக்கே வந்து நாலு வார்த்தை கேக்கறேன்." அப்புறம் அர்த்தம் தெரிந்ததும் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஊமையா? அப்ப வேற யாரையோ பாத்துட்டு உன்னைன்னு நெனச்சுட்டாங்க போல."

அந்தக் கூடத்தில் பொத்தான் வைக்கிற ஒரு அம்மா இருந்தாள். குள்ளமான உருவம், கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப். காலர் மெஷினில் முதுகு வளைந்து கிடக்கிற இவளைக் கடந்து போகும்போதெல்லாம் டேப்பின் தகர முனையால் நடு முதுகில் ஒரு தட்டு தட்டி, "எந்தெரேசத்தே!" என்பாள். மூதாவின் காதில் அது "எந்த ரேஸ், அத்தே?" என்று விழுந்தது. இந்தப் பெரியம்மா ஏன் தன்னை அத்தை என்கிறாள், எந்தப் பந்தயத்தைப் பற்றி விசாரிக்கிறாள் என்று ஒரு வாரம் குழம்பினாள். பிறகு ஒருநாள் அந்த அம்மா பொறுமையிழந்து, இரண்டு தோளையும் பிடித்துப் பின்னால் இழுத்து உட்காரவைத்துவிட்டு, அதே வார்த்தையை இன்னொரு தரம் சொன்னாள். நிமிர்ந்து உட்காரு! அவளுக்குப் புரிந்த முதல் ஸ்பானிஷ் சொல் அதுதான்.

அதன் பிறகு வந்த சொற்களும் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன. ஊசி கீழே விழுந்தால் ஒரு சொல். மேசைக்கு அடியில் உருண்டு போன நூல் சுற்றிய பாபினை எடுக்கக் குந்தினால் ஒரு சொல். மேற்பார்வைக்காரர் வரும்போது எல்லோரும் ஆமைபோலத் தலையை இழுத்துக்கொள்வார்களே, அதற்கு ஒரு சொல். பல வருஷம் கழித்துப் பரீட்சைகள் எழுதி, சான்றிதழ் வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இன்றைக்கும் யாராவது அவள் ஸ்பானிஷைப் புகழ்ந்தால் முகம் மலர்ந்து ஒரே பதில்தான். "அது பொத்தான்காரம்மா போட்ட பிச்சை. நான் படிச்சது பள்ளிக்கூட ஸ்பானிஷ் இல்லீங்க, முதுகுவலி ஸ்பானிஷ்."

முதுகெலும்பு டாக்டர் ஒருநாள் அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். மேல்மாடி டாக்டர்கள் அங்கே வருவது அபூர்வம். வந்தவர் நாற்காலி தேடாமல் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"மேடம், எங்க பிரிவுல ஒரு கேள்வித்தாள் இருக்கில்ல, அதை ஸ்பானிஷ்காரங்க நிரப்பினா பதில் ஒரு தினுசா வருது. நான் உடம்பைக் கேட்டா, அவங்க வேலையைச் சொல்றாங்க. எங்கேயோ இடிக்குது. எனக்குச் சொல்லத் தெரியலை. கொஞ்சம் பாருங்களேன்."

கேள்வித்தாள் பழசு. எப்போதோ, யாரோ, அகராதியை வைத்துக்கொண்டு பெயர்த்தது. இங்கிலீஷ் மூலத்தை எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டு, "இங்கிலீஷ்காரனுக்கு வளைஞ்ச முதுகு மேல அப்படி என்னதான் பாசமோ!" என்று பிரெஞ்சுக்காரியிடம் புலம்பினாள். ஸ்டூப், ஹன்ச், ஸ்லௌச், க்ரௌச் என்று வரிசையாக வந்தன. ஸ்லௌச் என்ற சொல்லுக்குள் ஒரு திட்டு ஒளிந்திருக்கிறது. உட்காரத் தெரியாமல் சரிந்து கிடக்கிறவனை அம்மா திட்டுகிற திட்டு. தோளைக் குறுக்கிக்கொள்ளும் ஹன்ச்சில் குளிரும் பயமும் இருக்கிறது. க்ரௌச் என்றால் பதுங்கிக் குந்துவது. ஸ்டூப்தான் எல்லாவற்றிலும் மோசம். வாசல் நிலை இடிக்காமல் நெட்டையான ஆள் தலையைத் தாழ்த்தினாலும் ஸ்டூப். கீழே கிடப்பதை எடுத்தாலும் ஸ்டூப். வயதாகி முதுகு கூனிப் போனாலும் அதே ஸ்டூப்.

ஸ்பானிஷ் அப்படிச் சேர்த்துக் கட்டுவதில்லை. வேண்டுமென்றே உடம்பைத் தாழ்த்தினால் 'அகச்சார்ஸே'. முதுகு வில்லாக வளைந்தால் 'என்கொர்வார்ஸே'. குந்தி உட்கார்ந்தால் 'குக்லீயாஸ்'. கவலையில் தலை தொங்கினால் 'கபிஸ்பாஹோ'. சோகத்தையும் சேர்த்தே அது சொல்லிவிடும். 'ஹொரோபா' என்றால் கூன். அதை நோயாளி முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. பழைய கேள்வித்தாளில் அது இரண்டு இடத்தில் இருந்ததைப் பார்த்து மூதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. தோள் முன்னால் விழுந்து முதுகு வட்டமாகிப் போனவரை அந்த மொழியில் 'கர்காதோ தே எஸ்பால்தாஸ்' என்பார்கள். முதுகில் பாரம் ஏற்றப்பட்டவர். "பாரு, சுமைதான் காரணம், ஆள் மேல குத்தம் இல்லைன்னு சொல்லிடுது. இரக்கமுள்ள பாஷை," என்பாள்.

வீட்டுக்கும் அந்தச் சொற்கள் கூடவே வந்தன. கணவர் வண்டி மெக்கானிக். வேலை முடிந்து குளித்துவிட்டு சோபாவில் விழுந்தால், தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், கால் மேசை மேல்.

"ஏங்க, அப்படியே இருங்க. அசையாதீங்க."

"ஏன், மேல எதாவது ஊருதா?"

"இல்லை. ஸ்லௌச்சுக்கு உங்களை விட்டா ஆளே கிடையாது."

கல்லூரியில் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்குன்னு ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தையே இருக்காம். ரெபன்திகாதோ."

"பேரு நல்லாத்தான் இருக்கு. ஏதோ பட்டம் குடுத்த மாதிரி இருக்கு," என்றவர், சாய்ந்து சரிந்து கிடப்பவன் என்று அதற்கு அர்த்தம் தெரியாமல், இன்னும் கொஞ்சம் சரிந்துகொண்டார்.

மூதா அவர் காலடியில் உட்கார்ந்து ஸ்டூப்பின் கஷ்டத்தைச் சொன்னாள். பழைய கேள்வித்தாளில் அதற்கு அகச்சார்ஸே என்று போட்டிருக்கிறார்கள். தப்பென்றும் சொல்ல முடியவில்லை, சரியாகவும் படவில்லை. "நம்ம பேச்சுல சொல்லுங்க. முதுகு அப்படிப் போறதை என்னம்பீங்க?"

"குனியறது."

"அவனா குனிஞ்சா சரி. தானா போச்சுன்னா?"

கணவர் கண்ணைத் திறந்தார். "தானா போனா அது குனியறதா? நான் வண்டிக்குள்ள குனியறேன். எதிர்ல லாரி வந்து மோதினா வண்டியோட முன்பக்கம் வளையுது. வண்டி குனிஞ்சுடுச்சுன்னு எவனாவது சொல்வானா? ஆளுதான் குனிவான். கம்பி வளையும்."

மூதா அதை அப்படியே ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் அவருக்கு இன்னொரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தாள். கேட்காமல் வந்த இரண்டாவது காபியை அவர் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

எழுதியதை ஆளிடம் கேட்டுப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவது அவள் வழக்கமில்லை. மறுநாள் அந்தக் கேள்வியை இரண்டு விதமாக எழுதிக்கொண்டு, முதுகெலும்புப் பிரிவின் காத்திருப்பு அறைக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தமில்லாமல் ஓடும் டிவி, தண்ணீர் இயந்திரம். ஓரத்தில் ஒரு தம்பதி. அந்த அம்மாள் நேராக உட்கார்ந்திருந்தாள். அவர் தன் முழங்காலைப் பார்த்தபடி மடிந்திருந்தார். சட்டைக் காலரைப் பின்னாலிருந்து அவள் கை லேசாகப் பிடித்திருந்தது, விட்டால் முன்னால் கவிழ்ந்துவிடுவார் என்பதுபோல.

மூதா பக்கத்தில் போனதும் அவர் நிமிராமலே, "நீல ஷூ. டாக்டர் இல்லை. டாக்டருங்க எல்லாம் இங்கே கறுப்பு," என்றார்.

"டாக்டர் இல்லீங்க. இந்தக் கேள்வி உங்களுக்குப் புரியுதான்னு பாக்க வந்தேன்," என்று அவள் ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். அப்போதுதான் அவர் முகம் தெரிந்தது. வெயிலில் காய்ந்த, நல்ல கலகலப்பான முகம். தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவராம். அவரைப் பேச வைக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இந்தத் தரையைப் போட்டவன் அவசரக்காரன்மா. மூணாவது வரிசையைப் பாருங்க, ஒரு நூலளவு கோணல். இப்ப எனக்குத் தரையைத் தவிர வேற எதுவும் தெரியறதில்லையா, எல்லாக் குத்தமும் கண்ணுல படுது."

அவள் சிரித்துக்கொண்டே முதல் கேள்வியை வாசித்தாள். அகச்சார்ஸே போட்டு எழுதியது. நீங்கள் குனிவதுண்டா?

"குனியறதா? குனியாம டைல்ஸ் எப்படிப் பதிக்கறது? பதினெட்டு வயசுலேருந்து குனியறேன். எழுதிக்குங்க, நாள் பூராவும்."

டாக்டர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. உடம்பைக் கேட்டால் வேலையைச் சொல்கிறார்கள். கேள்வியே வேலையைத்தான் கேட்கிறது. அவள் இரண்டாவதை வாசித்தாள். உங்கள் முதுகு வளைந்து போகிறதா?

அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். தொப்பியை மடியில் ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கத்தில் இருந்த மனைவிதான் பேசினாள். அதுவரை வாயே திறக்காதவள்.

"ஸே மே தோப்லா."

அந்த மூன்று சொல்லையும் தமிழில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். மடிந்து போகிறார் என்பது அதில் பாதி. நடுவில் ஒரு 'எனக்கு' இருக்கிறது. கையிலிருந்த பாத்திரம் நழுவி உடைந்தாலும், வளர்த்த செடி பட்டுப் போனாலும் அவர்கள் அந்த 'எனக்கு'வைச் சேர்த்துக்கொள்வார்கள். நடப்பது அதற்கு, இழப்பது நான். என் கையில் இருக்கும்போதே, எனக்கு, இவர் மடிந்து மடிந்து போகிறார் என்கிறாள் அந்த அம்மாள்.

"வேலைக்காகக் குனியறது வேறம்மா. அது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா பாக்கறேன். குனிஞ்சா நிமிருவார். இது அப்படி இல்லை. எழுந்து நிப்பார், நாலு அடி நடப்பார், யாரோ மேலேருந்து அமுக்கற மாதிரி அப்படியே மடிஞ்சுடுவார்."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"முன்னே போன இடத்துல எங்களுக்கு அவங்க பேச்சு தெரியலை. ஃபோன்ல ஒருத்தர் பேசிக் கேட்டாங்க, குனிவாரான்னு. குனிவாருன்னு சொன்னோம். குனிஞ்சு குனிஞ்சு எலும்பு தேஞ்சிடுச்சு, முதுகுல கம்பி வச்சு நிமித்தணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்குத்தான் இன்னைக்கு இங்கே வந்திருக்கோம்." அந்த அம்மாளின் கை காலரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. "கம்பி வச்சா நிமிர்ந்துடுவாராம்மா?"

மூதா கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர். மொழிபெயர்ப்பவர் தன் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது, ஒரு சொல்லும் குறைக்கக் கூடாது. அது ஆஸ்பத்திரி விதி. "நான் உங்களோட உள்ளே வரட்டுமா? நீங்க சொல்றதை அப்படியே சொல்றேன்," என்று மட்டும் கேட்டாள். கேள்வித்தாள் பார்ப்பது அவள் வேலை. அறைக்குள் போய்ப் பேசுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வாசலில் நின்று டாக்டரிடம் அனுமதி கேட்டாள். "வாங்க வாங்க, நல்லதாப் போச்சு," என்றார் அவர்.

உள்ளே டாக்டர் முந்தைய ஆஸ்பத்திரியின் குறிப்பைப் படித்துவிட்டு, டைல்ஸ்காரரை நிற்கவைத்தும் நாற்காலியில் உட்காரவைத்தும் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, எப்படி ஆரம்பித்தது என்று கேட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். ஸே மே தோப்லா.

இங்கிலீஷில் அந்த 'எனக்கு'வை வைக்க இடமில்லை. ஸ்டூப் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பழைய குறிப்பிலும் அதுதான் இருக்கிறது. மூதா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு சொன்னாள்: "டாக்டர், அவர் மடிஞ்சு போறார்னு சொல்றாங்க. அவராக் குனியலை, உடம்பு தானா மடியுது. அது தனக்கு நேர்ற மாதிரி சொல்றாங்க. அவங்க பேச்சுல அது அப்படித்தான் வரும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "தானாவா? எப்பவும் இப்படித்தானா? மடியாம இருக்கற நேரம் உண்டா?"

மூதா கேட்டாள். அந்த அம்மாள், இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போலச் சொன்னாள். "படுத்தா நேராயிடறார். படுக்கையில பாத்தா என் பழைய ஆளு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

டைல்ஸ்காரரைக் கட்டிலில் ஏற்றுவதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது. "நான் இப்படியே இருந்துக்கறேனே, எதுக்குச் சிரமம்," என்று அவர் சங்கடப்பட்டார். மனைவி தோளைத் தாங்க, டாக்டர் காலைத் தூக்கிவைக்க, அவர் மெதுவாக மல்லாந்தார். முதுகு விரிந்தது. ஒவ்வொரு எலும்பாகக் கட்டிலில் படிந்தது. தலை தலையணையைத் தொட்டது. பலகைபோல நேராகக் கிடந்தார்.

முதலில் அவர்தான் பேசினார், கூரையைப் பார்த்தபடி.

"அந்த மூலையில ஒரு விளக்கு எரியலை. யாருகிட்டயாவது சொல்லுங்க."

மூதா அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, நிதானமாக, மூதாவுக்கு நேரம் கொடுத்துக் கொடுத்துப் பேசினார். எலும்பு வளைந்து இறுகியிருந்தால் படுத்தாலும் வளைந்தேதான் இருக்கும். இவருடைய எலும்பு அப்படி இல்லை. நிமிர்த்திப் பிடிக்கிற தசையும், அதற்குக் கட்டளை போடுகிற நரம்பும்தான் தகராறு செய்கின்றன. கம்பி இப்போதைக்கு வேண்டாம். நரம்பு டாக்டர் பார்க்க வேண்டும். பார்த்தால் மருந்து இருக்கலாம்.

"இருக்கலாம்னு சொன்னாரா, இருக்குன்னு சொன்னாரா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"இருக்கலாம்னுதான்."

"பரவாயில்லை. அதுவே போதும்," என்றவள் முகத்தைக் கணவரின் கைமேல் வைத்துக்கொண்டாள்.

நரம்பு டாக்டர் பார்த்தார். கை அசைவு மெதுவாகியிருப்பதையும், எழுத்து சின்னதாகிக்கொண்டே வந்திருப்பதையும், காபி வாசனைகூடத் தெரியாமல் போனதையும் கேட்டுக் கேட்டு வாங்கி, அசைவைத் தளர்த்துகிற ஒரு நரம்பு நோயின் பேரைச் சொன்னார். சொஸ்தமாகிற நோயில்லை, ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய். மாத்திரைகள், தினமும் உடற்பயிற்சி, முழங்கையை ஊன்றிக்கொண்டு தள்ளும் உயரமான நடைவண்டி. ஒரேயடியாக நிமிர்ந்துவிடவில்லை. மருந்து வேலை செய்கிற நேரத்தில் தரையைவிட்டு எதிர்ச்சுவர்வரை பார்வை உயர்ந்தது. மாத்திரை வேகம் குறைகிற நேரத்தில் மறுபடி மடிவார். ஆனால் கத்தி வைக்கவில்லை. முதுகில் கம்பி ஏறவில்லை.

கேள்வித்தாள் முழுதுமாக மாறியது. அந்த ஒரு கேள்வி இரண்டானது. நீங்களாகக் குனிகிறீர்களா? உடம்பு தானாக வளைகிறதா? மூன்றாவதாக ஒன்றை டாக்டரே சேர்த்தார்: படுத்தால் நேராகிறதா? கடைசியில், வீட்டில் கூட இருப்பவர் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுத இடம் விட்டார்கள். ஸ்பானிஷைப் பார்த்து இங்கிலீஷையும் திருத்தினார் டாக்டர். மூலத்தை மொழிபெயர்ப்பு திருத்தியது அந்த அறையில் அதுவே முதல் தடவை என்று பிரெஞ்சுக்காரி கேக் வாங்கி வந்து வெட்டினாள்.

டைல்ஸ்காரரின் மனைவி அவரோடு பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் லிஃப்டில் கீழே இறங்கி வந்துவிடுவாள். வந்து, மூதாவின் இரண்டு கன்னத்தையும் கைகளில் ஏந்திக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். மூதாவுக்குக் கூச்சமாக இருக்கும்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? நீங்க சொன்னதைத்தானே நான் சொன்னேன்."

"நாங்க சொல்லிட்டேதான் இருந்தோம். அன்னைக்குத்தான் அது யாரு காதுலயோ விழுந்துச்சு."

இப்படி ஒரு நாள் வந்து போன பிறகு மூதா பொத்தான்காரம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அந்த அம்மா இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள், காது மந்தம். நடந்ததையெல்லாம் இவள் உரக்கச் சொன்னாள். உங்கள் கூடத்தில் கேட்ட பேச்சுதான் அன்றைக்குக் கைகொடுத்தது, 'ஸே மே தோப்லா' என்பதற்குள் இருக்கிற துக்கம் புத்தகத்தில் படித்தவளுக்குப் பிடிபட்டிருக்காது, என்றைக்கும் உங்களை மறக்க மாட்டேன் என்று குரல் தழுதழுக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அதட்டல் வந்தது: "அதெல்லாம் இருக்கட்டும். இப்ப எப்படி உக்காந்திருக்கே?" மூதா ஃபோனைப் பிடித்தபடியே நாற்காலியில் நிமிர்ந்தாள். பிரெஞ்சுக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே சிரிக்கிற ஒருத்திக்கு பிரெஞ்சில் என்ன சொல் என்று அன்று மாலைவரை இருவரும் தேடினார்கள்.

டைல்ஸ்காரரோடு அவள் பேசுவதெல்லாம் குந்தி உட்கார்ந்துதான். காத்திருப்பு அறையிலோ நடைக்கூடத்திலோ அவரைக் கண்டால், கையில் என்ன இருந்தாலும் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் குந்துவாள். இரண்டு பேருமாக ஆஸ்பத்திரித் தரையின் குறைகளைப் பேசுவார்கள். முழங்கால் வலிக்கிறது என்று வீட்டில் சொல்வாளே தவிர நின்றபடி அவரோடு பேசியதில்லை.

சென்ற வாரம் காலையில், உடற்பயிற்சிப் பிரிவின் வாசலில் அவரைப் பார்த்தாள். நடைவண்டி ஓரமாக நின்றது. அவர் சுவரை ஒட்டி மடிந்து நின்றிருந்தார். மனைவி இரண்டடி தள்ளி, பிடிக்காமல், ஆனால் பிடிக்கத் தயாராக நின்றாள். மூதா கட்டுக் காகிதங்களோடு அருகே போய், வழக்கம்போலக் குந்துவதற்கு முழங்காலை மடக்கினாள்.

"வேணாம்மா. அங்கேயே நில்லுங்க," என்றார் அவர்.

இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பு உயரத்தில் சுவரில் பதித்தார். வலது கையை எடுத்து ஒரு சாண் மேலே வைத்தார். பிறகு இடது கையை. ஏணி ஏறுகிறவர்போல, கைக்கு மேல் கையாகச் சுவரில் ஏறினார். மூச்சு இரைத்தது. நடுவில் ஒரு தரம் நின்றார், மனைவி அசையவில்லை. மறுபடி வலது கை, மறுபடி இடது கை. முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. கைகள் தோளைத் தாண்டி மேலே போனபோது அவர் முகம் மூதாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கன்னத்தைச் சுவரோரம் திருப்பி, அவளை நேருக்கு நேர், அவசரமில்லாமல் பார்த்தார்.

"புவேனோஸ் தியாஸ்," என்றார். காலை வணக்கம்.

மூதா காகிதங்களைத் தரையில் வைத்தாள். அவருடைய கைகளுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், தன் இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்துக்கொண்டு நின்றாள்.